கந்தப்பளையில் பிள்ளைகள் நிலைக்க என்ன வேண்டும்?

நுவரெலியாவிலிருந்து ராகலைக்குப் போகும் பாதையில் இருக்கிறது கந்தப்பளை. மேலே தேயிலை மலைகள். பள்ளத்தில் லீக்ஸ், கரட், கோவா, உருளைக்கிழங்குப் பாத்திகள். இங்குள்ள தோட்டங்களில் பிறந்த பிள்ளைகளில் பலர் பள்ளிக்கூடம் முடிந்ததும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போய்விடுகிறார்கள். “படித்ததுகள் மலைக்கு வரமாட்டேன் என்கின்றன” என்று பெரியவர்கள் குறைப்படுகிறார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று கம்பெனிகளும் சொல்கின்றன.

இந்தப் பேச்சில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. ஊரில் இருப்பது வேறு, தோட்டத்தில் பேர் பதிவது வேறு. பிள்ளைகள் வெறுப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், கிலோக் கணக்கு, 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் அடிப்படை நாட்கூலி என்று தாயும் தகப்பனும் பட்டதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அதை விட்டுவிட்டு ஊரிலேயே இருக்க வழி உண்டா என்று தேடினால், இரண்டையும் பிரிக்க முடியாதபடி கட்டியிருப்பது தெரியும்.

அந்தக் கட்டு இப்படித்தான். 1972இலும் 1975இலும் வந்த சட்டங்களால் பெருந்தோட்டக் காணிகள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளின் கைக்கு வந்தது. காணி இன்னும் அரசினுடையது. கம்பெனிகளிடம் இருப்பது 2045 வரைக்குமான குத்தகை. லயக் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்த குடும்பத்துக்கும் அந்த அறைக்கு உறுதி கிடையாது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் இருப்பிடம் பத்திரம் என்ற பயம் எப்போதும் உண்டு. உறுதி இல்லாதவர் வங்கியில் காணியை ஈடுவைத்துக் கடன் எடுக்க முடியாது. பசுக் கொட்டிலோ சின்னக் கடையோ போடுவதானாலும் தோட்ட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். லயத்துக்குச் சரியான முகவரி இல்லாததால் நேர்முகத் தேர்வுக் கடிதம் பிந்திக் கைக்கு வருவதும் மலையகத்தில் பழைய கதை.

காணியற்றோருக்கு அரசு காணி கொடுக்க வழிசெய்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935இலேயே வந்தது. அதன் பலன் தோட்டத்து மக்களை எட்டவில்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரின் குடியுரிமையையே இல்லாமல் செய்தது. அந்தப் பிரச்சினை முற்றாகத் தீர 2003 வரை போயிற்று. குடியுரிமை இல்லாதவருக்குக் காணி எப்படிக் கிடைக்கும்?

அதே தேயிலையை வைத்தே வேறொரு கணக்கைப் பாருங்கள். இன்று இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கு மேல் வருவது சிற்றுடைமையாளர்களிடமிருந்து. காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கங்களில் அரை ஏக்கர், ஓர் ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் அவை. 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர்களுக்கென்று தேயிலைச் சிற்றுடைமைகள் அபிவிருத்தி அதிகார சபை வந்தது. கொழுந்தைத் தொழிற்சாலைக்கு விற்கிறார்கள். மகன் ஓட்டோ ஓட்டிக்கொண்டே மரத்தையும் பார்த்துக்கொள்ளலாம். கொழுந்து பறிப்பது அங்கே கேவலமில்லை, ஏனென்றால் மரம் அவர்களுடையது. ஆகவே இளைஞருக்குத் தேயிலை பிடிக்கவில்லை என்பது பாதி உண்மைதான்.

மரக்கறியும் இதையே சொல்கிறது. தோட்டத்து இளைஞர்கள் துண்டுக் காணியைக் குத்தகைக்கு எடுத்தோ, லயத்தைச் சுற்றியுள்ள இடத்தைக் கொத்தியோ லீக்ஸும் கரட்டும் போடுகிறார்கள். வேலை தேயிலையைவிட லேசானதல்ல. விதையும் உரமும் கடனுக்கு வரும். தம்புள்ளை, பேலியகொடை மொத்தச் சந்தைகளில் அன்றைக்கு என்ன விலையோ அதுதான் கிடைக்கும். 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்தபோது இவர்கள் பட்ட அடி பெரியது. ஆனாலும் விட்டுப் போகாதவர்கள் இருக்கிறார்கள். நல்ல விலை வந்தால் அந்தக் காசு தன்னுடையது என்ற எண்ணம்தான் அவர்களை நிறுத்துகிறது.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு என்ற திட்டம் வந்தது. இந்திய உதவியில் முதலில் 4,000 வீடுகள். பிறகு 2017இல் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் இன்னும் 10,000 அறிவித்தார். 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டங்களுக்குள்ளும் சபைப் பணத்தைச் செலவிட வழி பிறந்தது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தது. எல்லாம் நல்லவை. ஆனால் ஓர் ஏக்கர் 160 பேர்ச்சஸ். அதில் 7 என்பது வீடு கட்டி, முற்றத்தில் கொஞ்சம் கீரை போடப் போதும், பிழைக்கப் போதாது. சில கம்பெனிகள் தேயிலை மரங்களைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துக் கிலோவுக்குப் பணம் தருகின்றன. அதில் உழைப்புக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, உரிமை இல்லை.

காணி மட்டும் போதும் என்பதுமில்லை. பத்தனையிலுள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயின்ற தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மலையகப் பாடசாலைகளிலேயே படிப்பிக்கிறார்கள். கந்தப்பளை ஹெதர்செட் தோட்டத்தில் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாக மாறியது. மதிப்புள்ள வேலை ஊருக்குள் வந்தால் பிள்ளைகள் ஊரிலிருந்தே போய் வருவார்கள்.

கொழும்புக்குப் போன பிள்ளையைத் “திரும்பி வா” என்று அழைப்பதற்கு முன், அவன் பேரில் எழுத ஒரு துண்டுக் காணி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஆளில்லாமல் பற்றைக்காடாகிப் போன மலைகள் பல தோட்டங்களில் கிடக்கின்றன. அவற்றை அளந்து, அங்கேயே பிறந்து வளர்ந்த குடும்பங்களுக்கு உறுதியோடு, பெண்பிள்ளைகளின் பேரையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். 2045 வரை காத்திருந்தால் இன்றைக்கு இருபது வயதில் இருப்பவர்கள் நாற்பதைத் தொட்டுவிடுவார்கள்.