வீவக வீட்டுப் பூனைக்கு உரிமம் எதற்கு?

சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் அனுமதி இல்லாமல் இருந்தது. வீட்டுக்குள் அடங்கி இருக்காது, முடி உதிர்க்கும், பொது இடத்தை அசுத்தமாக்கும், இரவில் கத்தும் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. பூனைகள் என்னவோ வீடுகளில் இருக்கத்தான் செய்தன. தடையின் பாதிப்பு வேறு இடத்தில் தெரிந்தது: பூனை இருப்பதையே வெளியில் சொல்ல முடியாதவர், குட்டிகள் பெருகிக் கைமீறிப் போகும்போது யாரிடம் உதவி கேட்பார்?

2024 செப்டம்பர் 1 முதல் அந்த நிலை மாறியது. வீவக வீட்டில் 2 பூனைகள், தனியார் வீட்டில் 3 பூனைகள் வரை வளர்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயம். முதன்முறை விண்ணப்பிப்பவர் இணையத்தில் ஓர் இலவசப் பாடத்தையும் முடிக்க வேண்டும்.

மைக்ரோசிப் என்றதும் பூனை எங்கே திரிகிறது என்று காட்டும் கருவியாகப் பலர் நினைக்கிறார்கள். அது அப்படிப்பட்டதல்ல. அரிசி அளவில் தோலுக்கடியில் செலுத்தப்படும் அதில் ஓர் எண் மட்டுமே இருக்கும். தொலைந்த பூனையை மருத்துவரிடம் கொண்டுபோனால், அந்த எண்ணை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடித்துவிடலாம். பூனையைத் தெருவில் விட்டுவிட்டு எனக்குத் தெரியாது என்று கைகழுவுவதும் இனி எளிதல்ல.

இதைவிட முக்கியமானது கருத்தடை. பிறந்த ஐந்தாறு மாதத்திலேயே பெண் பூனை சினைப்படும். சுமார் 9 வாரத்தில் குட்டி போடும். கருத்தடை செய்யாத இரண்டு பூனைகள் ஒரு சிறிய வீட்டை நிறைக்க வெகுகாலம் ஆகாது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கருத்தடையும் மைக்ரோசிப்பும் இலவசமாகக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. இந்தத் திட்டத்தின் உயிர்நாடி இதுதான் என்பேன். இந்த உதவி இல்லாத உரிமம், ஏழை வீட்டுக்கு இன்னொரு அபராதமாகத்தான் போய் முடியும்.

உயரமான மாடிகளிலிருந்து பூனைகள் விழுந்து சாவதும் நடக்கிறது. சன்னலுக்கு வலை அடிப்பதை யாரும் தள்ளிப்போடக் கூடாது.

உரிமம் எடுக்க 2026 ஆகஸ்ட் 31 வரை இடைக்கால அவகாசம். அதுவரை கட்டணமும் இல்லை. அதற்குப் பின் உரிமம் இல்லாமல் வளர்த்தால் 5,000 வெள்ளி வரை அபராதம். வரம்புக்கு மேல் பூனை வைத்திருப்பவர்கள்தான் விண்ணப்பிக்கத் தயங்குவார்கள். ஆனால் அவகாசத்துக்குள் பதிந்தால், ஏற்கெனவே வளர்க்கும் எல்லாப் பூனைகளையும் அவர்கள் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். தாமதித்தால் அந்தச் சலுகை கைநழுவும்.