பெருங்குடற் புற்றுநோயின் படிநிலைகள்

பெருங்குடற் புற்றுநோயின் கடுமையை உணர்த்துவது கட்டியின் பருமனன்று; அஃது ஊடுருவிய ஆழமும் பரவிய எல்லையுமேயாம். இவ்வுண்மை பற்றியே இலண்டன் சென் மார்க்ஸ் மருத்துவமனையின் நோயியலறிஞர் கத்பேட் டியூக்ஸ் 1932 ஆம் ஆண்டில் நேர்குடற் புற்றை மூவகைப்படுத்தினார். குடற்சுவருள் அடங்கியது, சுவரைக் கடந்தது, நிணநீர்க் கணுக்களை அடைந்தது என்பன அவை.

இக்காலத்தில் கட்டி, கணு, சேய்மைப் பரவல் என்னும் மூன்றையும் நோக்கி நான்கு படிகள் வகுப்பர். முதற்படிக்குச் சத்திரசிகிச்சையே பெரும்பாலும் அமையும். இரண்டாம் படியில் மருந்தும் சிலர்க்கு வேண்டப்படும். கணுக்கள் பற்றப்பட்ட மூன்றாம் படியில் சத்திரசிகிச்சையின் பின் 3 முதல் 6 மாதம் வரை மருந்தளிப்பர். நேர்குடலாயின் கதிர்ச்சிகிச்சை முற்படுதலும் உண்டு. நான்காம் படியில் ஈரலிற் பரவிய கட்டிகளை அகற்றிச் சிலரைக் குணப்படுத்தலும் இயலும்.

எனினும், முதற்படியிற் கண்டறிதலே தலையாயது. ஆதலின், மலத்திற் குருதி தோன்றின் மூலநோயென வாளாவிருத்தல் தகாது.