பெண்கல்விக்கு விளக்கேற்றிய உடுவில்

"அடுப்பூதும் பெண்களுக்குப் படிப்பு எதற்கு?" என்று கேட்ட காலம் ஒன்று இருந்தது. அக்காலத்திலேயே, இலங்கையின் வடக்கே, யாழ்ப்பாணத்தை அடுத்த உடுவில் என்னும் சிற்றூரில் பெண்களுக்கென ஒரு விடுதிப் பள்ளி தோன்றியது. ஆசியாவின் மிகப் பழைய மகளிர் விடுதிப் பள்ளிகளுள் ஒன்றான அதன் வரலாறு நாம் அனைவரும் அறிய வேண்டியதாகும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816-ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் வந்து ஊர்தோறும் பள்ளிகளைத் திறந்தனர். ஆண்பிள்ளைகள் வந்தனர், பெண்பிள்ளைகளை அனுப்பவோ பெற்றோர் தயங்கினர். 1823-இல் வட்டுக்கோட்டையில் ஆண்களுக்கான உயர்கல்விக்கூடம் எழுந்தது. 'படித்த ஆண்மகனுக்குப் படித்த துணைவி வேண்டாமா?' என்ற எண்ணமும் உடன் பிறந்தது. மறு ஆண்டே, 1824-இல், உடுவிலில் பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது. அதனைத் தொடங்கி நடத்தியவர் ஹாரியட் வின்சுலோ அம்மையார். இவருடைய கணவர் மைரன் வின்சுலோவே, 1862-இல் சென்னையில் வெளிவந்த புகழ்பெற்ற தமிழ்-ஆங்கில அகராதியைத் தந்தவர்.

அந்நாளில் மாணவியரைச் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. கல்வி, உணவு, உடை யாவும் இலவசமாய் அளிக்கப்பட்டன. அதுவும் போதவில்லை! படிப்பை முடித்து மணம் செய்துகொள்ளும் பெண்ணுக்கு மிஷனே சிறு சீதனமும் கொடுத்தது. பெண்ணைப் படிக்க வைப்பதற்கே சீதனம் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அக்காலச் சமுதாயத்தின் நிலையை என்னென்பது!

1840-இல் எலைசா அக்னியூ அம்மையார் அமெரிக்காவிலிருந்து வந்தார். மணம் செய்துகொள்ளாத இவர் சுமார் 40 ஆண்டுகள் இப்பள்ளிக்கே உழைத்தார். தாய்நாட்டுக்கு ஒருமுறையேனும் திரும்பாமல் 1883-இல் யாழ்ப்பாண மண்ணிலேயே உயிர்நீத்தார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறையினர் இவரிடம் பயின்றனர். 'ஆயிரம் புதல்வியரின் தாய்' என்று இவரை அழைத்தனர்.

இங்கேதான் ஒரு பெரிய மாற்றத்தைக் காண்கிறோம். படித்த தாய்மார் தம் பெண்மக்களைத் தாமே அழைத்து வந்தனர். சீதனம் தேவையற்றதாயிற்று. காலப்போக்கில் பெற்றோரே மனமுவந்து கட்டணம் செலுத்தலாயினர். சட்டமோ கட்டாயமோ செய்ய இயலாததை, படித்த ஒரு தலைமுறைத் தாய்மார் செய்து காட்டினர்.

2024-ஆம் ஆண்டு அக்கல்லூரி 200 ஆண்டுகளை நிறைவு செய்தது. ஆயினும், வறுமையாலும் இளவயதுத் திருமணத்தாலும் படிப்பை இழக்கும் சகோதரிகள் இன்றும் உள்ளனர். தோழியரே! நமக்குக் கிடைத்த கல்வி நம்மோடு நின்றுவிடலாகாது. நாளை நம் இல்லத்திலும் அண்டையிலும் ஒரு பெண்ணேனும் பள்ளிக்குச் செல்ல நாம் காரணமாய் இருப்போமாக!

— ஒரு மாணவி,
10-ஆம் வகுப்பு 'அ' பிரிவு