விறகு பேசும் ஓசை

நார்வேயில் குளிர்காலத்துக்கான விறகை வசந்தத்திலேயே பிளந்து அடுக்கத் தொடங்குவார்கள். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அந்த மரத்தை எரித்தால் வெப்பம் குறையும். புகைபோக்கியில் தார் படிந்து தீப்பிடிக்கவும் கூடும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் நல்ல விறகு.

அதனால் தரையில் படாமல், அடியில் கட்டை கொடுத்து, வெயிலும் காற்றும் புகும்படி இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். மழைக்கு மேற்புறத்தை மட்டும் மூடினால் போதும். பக்கங்களையும் மூடினால் பூஞ்சை பிடிக்கும்.

இரண்டு விறகுகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் காய்ந்துவிட்டது. மந்தமாக ஒலித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

2013 பிப்ரவரியில் நார்வே அரசுத் தொலைக்காட்சி விறகைப் பற்றியே 12 மணி நேர நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. பனி நாட்டில் விறகடுக்குதான் வீட்டின் சேமிப்பு!