இறங்கும்போது காது அடைப்பது ஏன்?

பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல்லுக்கு இறங்கும் மலைப்பாதையில் வளைவுகள் தொடங்கிய சற்று நேரத்தில் பேருந்தில் பலருக்குக் காது அடைக்கும். பக்கத்து இருக்கைப் பேச்சு எங்கோ தூரத்தில் கேட்கும். எச்சில் விழுங்கினால் 'டப்'பென்று திறந்துகொள்ளும். இதற்கும், விமானம் தரையிறங்கும்போது காது வலிப்பதற்கும் காரணம் காற்றழுத்த மாற்றமே. விமானத்தில் அந்த மாற்றம் பல மடங்கு அதிகம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறிய காற்றறை இருக்கிறது. அதையும் மூக்கின் பின்பக்கத்தையும் இணைப்பது ஊஸ்டேஷியன் குழல். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். எப்போதும் மூடியே கிடக்கும் இந்தக் குழலை, விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு சிறு தசை இழுத்துத் திறக்கிறது.

மேலே ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைகிறது. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, குழலைத் தானே தள்ளித் திறந்து வெளியேறிவிடும். இறங்கும்போது நிலைமை தலைகீழ். வெளியழுத்தம் கூடிச் செவிப்பறையை உள்நோக்கி அழுத்தும். குழலின் வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். சைக்கிள் டியூப் வால்வைப்போல ஒரு திசையில் மட்டும் எளிதாகக் காற்று விடுவது அதன் இயல்பு. சளி பிடித்திருந்தால் குழலின் உட்சுவர் வீங்கி, வலி இன்னும் கூடும்.

வானில் இந்த வலியை முதலில் பதிவு செய்தவர் பிரெஞ்சு அறிவியலாளர் ஜாக் சார்ல்ஸ். 1783 டிசம்பர் 1 அன்று ஹைட்ரஜன் பலூனில் தனியாக ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரம் போனவருக்கு, வலது காதில் கடும் வலி எடுத்தது.

இன்றைய விமானங்கள் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே 6,000 முதல் 8,000 அடி உயரத்துக்குரிய காற்றழுத்தத்தையே வைத்திருக்கின்றன. அதாவது, பயணியின் காதுக்கு அது ஊட்டியில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான். இந்த ஏற்பாடு தவறினால் என்ன ஆகும் என்பதை 2018 செப்டம்பர் 20 காட்டியது. மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில், உள்ளே காற்றை நிரப்பும் சுவிட்சைப் போட மறந்துவிட்டார்கள். 166 பயணிகளில் ஏறத்தாழ 30 பேருக்கு மூக்கிலோ காதிலோ ரத்தம் வந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது.

தண்ணீர் இதைவிடக் கடுமையானது. 8,000 அடி உயரத்திலிருந்து கடல்மட்டத்துக்கு இறங்கும்போது கூடும் அழுத்தமும், இரண்டரை மீட்டர் ஆழ நீருக்குள் மூழ்கும்போது கூடும் அழுத்தமும் ஏறக்குறைய ஒன்று. விமானத்தில் அந்த மாற்றம் 20, 30 நிமிடங்களில் நிகழும். ஒகேனக்கல் பாறைகளிலிருந்து காவிரியில் குதிக்கும் சிறுவனின் காதில் அது ஓரிரு நொடியில் நிகழ்ந்துவிடும். காதை வருத்துவது உயரமல்ல, அழுத்தம் மாறும் வேகம்.

ஆகவே விமானம் இறங்கத் தொடங்கியதும் தூங்காதீர்கள். தூக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். மிட்டாய் சப்புங்கள், அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள். அப்படியும் திறக்காவிட்டால் வாயையும் மூக்கையும் மூடி மென்மையாக ஊதுங்கள்; பலமாக ஊதினால் காது புண்படும். கடும் சளி இருந்தால் முடிந்தவரை பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். ஆற்றில் முங்கவும் வேண்டாம்.

ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டு அருவியில் குளிப்பது வழக்கம். உடம்புக்குத் தேய்க்கும் அந்த எண்ணெயை, அடைத்த காதுக்குள் மட்டும் விடாதீர்கள். அடைப்பு இருப்பது செவிப்பறைக்குப் பின்னால். எண்ணெய் அங்கே போகாது. பறையில் ஓட்டை இருந்தாலோ, உள்ளே போய்க் கேடு செய்யும். காதில் ரத்தமோ நீரோ வடிந்தால் உடனே காது, மூக்கு, தொண்டை மருத்துவரைப் பாருங்கள். அடைப்பு ஓரிரு நாளில் விலகாவிட்டாலும் அவரிடம் காட்டிவிடுங்கள்.