சிமெண்ட்–பாலிமர் கலவைப் பூச்சு

சிமெண்ட்–பாலிமர் கலவைப் பூச்சு என்பது கான்கிரீட்டுக்குள் இடப்படும் கட்டுமானக் கம்பிகளைத் துருவிலிருந்து காக்கும் மேற்பூச்சு ஆகும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் உருவான இத்தொழில்நுட்பத்தை, உரிமம் பெற்ற தனியார் நிறுவனங்கள் தொழிலாக நடத்துகின்றன. அழகப்பச் செட்டியார் அளித்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்த இவ்வாய்வகத்துக்கு 1948 சூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 சனவரி 14 அன்று அது திறக்கப்பட்டது. உப்புக்காற்று ஓயாத மண்டபத்திலும் இதற்கு அரிமான ஆய்வு நிலையம் உண்டு.

புதிய கான்கிரீட் கடுங்காரத் தன்மையுடையது. அக்காரம் கம்பியின்மேல் மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. கடற்காற்றோ உவர்நீரோ கொண்டுவரும் குளோரைடு அப்படலத்தைத் துளைக்கிறது. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைப்பதால் கான்கிரீட் பிளந்து உதிர்கிறது. கோடம்பாக்கம் போன்ற சென்னைப் பகுதிகளின் பழைய அடுக்ககங்களில் பால்கனிக்கடியில் கம்பி வெளியே தெரிவது இதனால்தான்; பலர் இதை வெறும் பூச்சுவேலைக் குறையென்று எண்ணி மேலே சிமெண்ட் பூசி மறைத்துவிடுகின்றனர். உள்ளே துரு தொடர்கிறது.

துருநீக்கிய கம்பியின்மேல் சிமெண்டும் பாலிமரும் சேர்ந்த குழம்பு பூசப்படுகிறது. எப்பாக்சி பூச்சு கம்பிக்கும் ஈரத்துக்கும் இடையே தடுப்பாக மட்டும் நிற்கிறது. கீறல் விழுந்தால் அவ்விடத்தில் அரிமானம் தொடங்கி அடியில் பரவலாம். சிமெண்ட் கலந்த பூச்சு தானே காரத்தன்மை தருவதுடன் சுற்றியுள்ள கான்கிரீட்டுடனும் நன்கு ஒட்டுகிறது. எனினும் கம்பியை வளைக்கும்போது பூச்சு உதிர்ந்த இடங்களையும் வெட்டுமுனைகளையும் கான்கிரீட் இடுமுன் மீண்டும் பூச வேண்டும். அவசரத்தில் விடுபடுவது பெரும்பாலும் இவ்வேலையே.