கோணமலைக் கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு

நோர்வே நாட்டுப் படங்களில் இரண்டு பக்கமும் மலை செங்குத்தாக நிற்க, நடுவே கடல் நெடுந்தூரம் உள்ளே புகுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் ஃபியோர்ட். பனிக்கட்டி ஆறுகள் ஆயிரமாயிரம் ஆண்டுகள் ஊர்ந்து, பாறையை அரித்துத் தோண்டிய பள்ளம். அங்குள்ள சொக்னே ஃபியோர்ட்டின் ஆழம் 1,300 மீற்றருக்கு மேல்!

உப்புவெளிக் கடற்கரையில் நின்று தெற்கே பாருங்கள், பிள்ளைகளே. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலை நேரே கடலுக்குள் இறங்குகிறது. அந்தப் பக்கம் திருகோணமலைத் துறைமுகம்: குடாவுக்குள் குடா, முனை, குட்டித் தீவு. அசப்பில் ஃபியோர்ட் மாதிரியே இருக்கும். ஆனால் இதைத் தோண்டியது பனிக்கட்டி அல்ல.

இருந்தாலும் பனிக்கு இதில் பங்குண்டு. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் ஏராளமான தண்ணீர் வடக்கே பனியாக உறைந்து கிடந்தது. கடல்மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் வரை தாழ்ந்திருந்தது. பனி உருகக் கடல் ஏறியது. கரையோரப் பள்ளங்கள் மூழ்கின.

இனித்தான் வேடிக்கை. ஃபியோர்ட்டுக்கு உள்ளே ஆழம், வாயில் மேடு. இங்கே தலைகீழ்! துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில் தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு வெளியே போகப் போகத் தாழ்ந்து 3,000 மீற்றரையும் தாண்டுகிறது. கடல் 120 மீற்றர் இறங்கியதால் மட்டும் இவ்வளவு ஆழம் வருமா? வராது. பழம்பாறைகளின் வெடிப்புகள் வழிவிட, மகாவலி ஆறு கொண்டுவந்த மணலும் சேறும் கடலடியில் சரிந்தோடி அறுத்திருக்க வேண்டும். தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து, ஓரமாகச் சேற்றுநீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். அது அடியை ஒட்டியே வழுக்கிப் போகும்.

ஒரு துறைமுகத்துக்கு ஆழமும் ஒதுக்கமும் ஒருசேரக் கிடைத்தால் சும்மா விடுவார்களா? 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கோட்டை கட்டினார்கள். பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், 1795இல் ஆங்கிலேயர். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. நிலாவெளி வீதியோரம் வரிசையாக நிற்கும் கல்லறைகளில் இரண்டாம் உலகப்போரில் இறந்தவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச், ஏப்ரலில் இந்த ஆழ்கடலை ஒட்டி நீலத்திமிங்கிலங்கள் வரும். உலகிலேயே பெரிய விலங்கு, கரைக்கு இவ்வளவு கிட்ட வருவது அபூர்வம். பார்க்கப் போனால், படகை எட்டவே நிறுத்தச் சொல்லுங்கள், துரத்த விடாதீர்கள்.